விழுங்கல் பதிவேடு

போன மாதம் ஒருநாள் காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது காவ்யா போன் செய்தாள். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது அவள்தான் லேப் டெக்னீஷியன். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். துடுக்கான பெண், ஆனால் கெட்டிக்காரி.

"மேடம், விழுங்கல் பதிவேடுன்னு ஒண்ணு இருக்குதே, அது இன்னாங்க?"

கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அடிப்பாவி, அது இன்னும் இருக்குதா?"

"தினமும் எழுதிக்கிட்டுதாங்க இருக்கோம். தேதி போட்டு, 'இன்று விழுங்கியோர் இல்லை'ன்னு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து. நான் சேந்தப்பவே மேரி சிஸ்டர் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. இப்ப ஓடுறது பதினோராவது நோட்டு. ஆடிட்டுக்கு வந்தவரு எதுக்கு எழுதுறீங்கன்னு கேக்குறாரு. எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பதினோரு நோட்டுகள். அவற்றில் நிஜமாக விழுங்கியவர் ஒரே ஒருவர். விழுங்கியது மூன்றே மூன்று தடவை. பாக்கிப் பக்கம் முழுக்க இல்லை, இல்லை, இல்லை.

"நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானேடி?"

"உத்தரவு போட்டவரு ரத்து பண்ணணுமாம். பெரிய டாக்டர்தான் தவறிட்டாருல்ல. அவரு இல்லன்னா, மொத மொதல்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க விளக்கம் எழுதித் தரணுமாம். மேரி சிஸ்டர் கனடாவுல மக வூட்டுல இருக்காங்க. நீங்கதான் பாக்கி. ஒரு பக்கம் போதும் மேடம்."

ஒரு பக்கத்தில் அடங்குகிற கதையா இது? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆடிட்டர் ஐயா பொறுமையாகப் படிக்கவும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் வசந்தா, ஊர் கம்மாபுரம். சிதம்பரத்தில் டிப்ளமா படித்தேன். கடலூரில் ஒரு லேபில் நாலு வருடம் மலமும் மூத்திரமும் பார்த்தேன். பிறகு இந்த ஆஸ்பத்திரி. பீங்கான் கம்பெனி முதலாளிகள் சிலர் கூட்டுச் சேர்ந்து தொழிலாளர்களுக்காகக் கட்டியது, முப்பது படுக்கை. பீங்கானில் செய்ய முடிந்த எதையும் அவர்கள் வெளியே வாங்க மாட்டார்கள். எச்சில் துப்புகிற கிண்ணம் பீங்கான். திரைச்சீலை மாட்டியிருந்தது கரண்டுக் கம்பத்துப் பீங்கான் குமிழில். நோயாளிக்குக் கொடுக்கிற டோக்கன்கூட நம்பர் போட்ட பீங்கான் வில்லைதான். கீழே போட்டு உடைத்துவிட்டால் வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். காய்ச்சலில் கை நடுங்குகிறவர்கள்தான் அதிகம் உடைப்பார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட சட்டை, பாக்கெட்டில் எப்போதும் ஒரு அடி ஸ்கேல். அந்த ஸ்கேல் நோட்டில் கோடு போட. யாரையும் அதட்ட மாட்டார். வாட்ச்மேனைக்கூட "வாங்க, போங்க" என்பார். ஆனால் நாம் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "ஆதாரம் எங்கம்மா?" என்று கேட்பார். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'ஆதாரம்'.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். கொலு பொம்மைக்கு ஆர்டர் குவிந்து ஊரெல்லாம் சூளை எரிந்துகொண்டிருந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை ராசேந்திரன் வந்தான். கருவேப்பிலங்குறிச்சிக்காரன், முப்பத்துநாலு வயது, சூளை கட்டுகிற மேஸ்திரி. அஸ்ஸாமில் யாரோ புதிதாகப் பீங்கான் கம்பெனி தொடங்க, சூளை கட்டித்தர மூன்று மாதம் போயிருந்தவன். ரயிலை விட்டு இறங்கி ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல். பெண்டாட்டி செல்வி கூடவே வந்திருந்தாள். டோக்கனை உடைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டைத் தடிமனாக, இன்னொன்றை மெல்லிசாக இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இரண்டு மூன்று இடம் நகர்த்தியதும் கண்ணில் பட்டது. சிவப்பணுவுக்குள் மெல்லிய வளையம், ஓரத்தில் ஒரு புள்ளி. மலேரியா. அதிலும் மூளைக்கு ஏறி ஆளைச் சாய்க்கிற ஃபால்சிபாரம் ரகம்.

டாக்டரும் வந்து பார்த்தார், ஒப்புக்கொண்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்கு இருந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், குளோரோகுயின் மாத்திரை. முதல் நாள் நாலு, இரண்டாம் நாள் நாலு, மூன்றாம் நாள் இரண்டு. எங்கள் பக்கத்து மலேரியாவுக்கு அதுவே போதும். மேரி சிஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுத்ததும் ராசேந்திரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், இதுங்களா? இது கேக்காதுங்க. அங்க கேம்புல எல்லாருக்கும் இதத்தான் குடுத்தாங்க. எவனுக்கும் கேக்கல. எங்கூட இருந்த ரெண்டு பேர டவுனுக்குத் தூக்கினு போயி வேற ஊசி போட்டாங்க. அப்பறந்தான் எழுந்து ஒக்காந்தாங்க."

டாக்டர் தலையைச் சாய்த்தார். "ஆதாரம் இருக்காப்பா?"

ராசேந்திரன் நெஞ்சில் கை வைத்தான். "ஆதாரம்னா... நாந்தாங்க சார்."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும்தான். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனதில் வேறு கணக்கு. மருந்து மேல் நம்பிக்கை இல்லாதவன் மருந்தை முழுங்க மாட்டான், வாயில் அடக்கிவைத்து வெளியே துப்பிவிடுவான், அப்புறம் கேட்கவில்லை என்பான். உடனே ஒரு நோட்டு வரவழைத்தார். பாக்கெட்டிலிருந்து ஸ்கேல் வந்தது. கோடு போட்டுப் பன்னிரண்டு கட்டம் கட்டினார். வரிசை எண், தேதி, நேரம், பெயர், மாத்திரை எத்தனை, நாக்கைத் தூக்கிப் பார்த்ததா, கன்னத்து இடுக்கைப் பார்த்ததா, அரைமணிக்குள் வாந்தி உண்டா, முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி, நோயாளி கையொப்பம், குறிப்பு. அட்டையில் 'விழுங்கல் பதிவேடு' என்று முத்து முத்தாக எழுதினார். முதல் சாட்சி மேரி சிஸ்டர். இரண்டாவது சாட்சி வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று என்னை இழுத்துவிட்டார்.

மேரி சிஸ்டர் டார்ச் அடிக்க, நான் குச்சியால் நாக்கைத் தூக்கினேன். "ஆ காட்டுங்க. இந்தப் பக்கம். ம், அந்தப் பக்கம்." பிறகு அரைமணி நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

செல்விக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இது ஆஸ்பத்திரியா ஜெயிலாங்க? கட்டுன பொண்டாட்டி நானே அவரு வாய இப்பிடிப் பாத்ததில்ல."

ராசேந்திரன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து.

புதன்கிழமை காய்ச்சல் குறையவில்லை. கண் மஞ்சளடித்திருந்தது. ரத்தம் பார்த்தேன். முந்தின நாள் தேடிப் பிடித்த வளையம் இப்போது பார்க்கிற இடமெல்லாம் ஒன்றிரண்டு இருந்தது. டாக்டரிடம் சொன்னேன்.

"முழுங்கிட்டு அப்பறமா வெளிய எடுத்து ஜன்னல் வழியா போட்டிருக்கலாமேம்மா."

"சார், அரைமணி நேரம் அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தோம்!"

"அதுக்கப்பறம்?"

வாட்ச்மேன் கலியபெருமாள் வார்டு ஜன்னலுக்குக் கீழே துடைப்பத்தோடு இறங்கினார். கீழே ஒரு மருந்துக் கடையே கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ், யாரோ கடித்துப் பார்த்துத் துப்பிய கால்சியம், ஒரு பல்செட்டு. டாக்டர் முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா!" என்று எல்லாவற்றையும் ஒரு பீங்கான் தட்டில் பொறுக்கி வைக்கச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். குளோரோகுயின் ஒன்றுகூட இல்லை. கலியபெருமாள் பல்செட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஐயா, இது எங்க மாமனாருதுங்க. ரெண்டு வருசமா தேடுறோம்" என்று மடியில் கட்டிக்கொண்டார்.

அடுத்த சந்தேகம் மாத்திரை மேல். போலியாக இருந்தால்? குளோரோகுயின் என்றால் கசக்க வேண்டும். மருந்து சோதிக்கிற சர்க்கார் லேபுக்கு அனுப்பி ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும், நாக்கு கையோடு இருக்கிறது என்றார் டாக்டர். ஒரு மாத்திரையை நாலாக உடைத்து டாக்டர், மேரி சிஸ்டர், கலியபெருமாள், நான் என்று ஆளுக்கு ஒரு துண்டு. நாலு பேரும் வட்டமாக நின்று ஒரே நேரத்தில் நாக்கில் வைத்தோம். வார்டே படுக்கையில் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"சாமி! கொடல் வரிக்கும் கசக்குதுங்க ஐயா" என்று கலியபெருமாள் துள்ளினார். டாக்டர் பீங்கான் கிண்ணத்தில் துப்பி, வாய் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, 'கசப்பு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினார். கலியபெருமாள் 'ருசி பார்த்தவர்' என்று போட்டுக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் ஆடிட்டர் ஐயா விளக்கம் கேட்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் நாலு மாத்திரையும் உள்ளே போனது. நாக்கைத் தூக்கினேன், கன்னத்தைப் பார்த்தேன், ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாந்தி இல்லை. ராசேந்திரன் மெதுவாகத்தான் பேசினான். "அக்கா, இது கேக்காதுங்க. சொன்னா ஒங்க டாக்டரு நம்ப மாட்டேங்குறாரு."

"ரெண்டு நாளு பொறுங்க தம்பி, கேக்கும்" என்றேன். எதை வைத்துச் சொன்னேனோ.

வியாழக்கிழமை காலையில் அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், உடனே மூடிக்கொள்கிறான். மூத்திரம் கருத்துப்போயிருந்தது. பாக்கி இரண்டு மாத்திரை. செல்வி தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள, மேரி சிஸ்டர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். நான் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் நோட்டை நீட்டினேன். செல்வி அழுகிறாள், நான் பேனாவை நீட்டுகிறேன்! அவன் விரல் பேனாவைப் பிடிக்கவில்லை. மை ஒற்றும் பெட்டியைக் கொண்டுவந்து கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினோம்.

அன்றைய ரத்தத்தைப் பார்த்தேன். பார்க்கிற இடமெல்லாம் வளையம். ஒரே அணுவுக்குள் இரண்டு, மூன்று. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் ரொம்ப மரியாதையாக, "வசந்தாம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்களையும் பாத்துடலாம்" என்றார்.

அதாவது, இப்போது சந்தேகம் என் மேல்! அவருடைய விரலில் ஒரு குத்து, மேரி சிஸ்டர் விரலில் ஒரு குத்து, ராசேந்திரன் விரலில் ஒரு குத்து. மூன்று கண்ணாடியிலும் அவரே நம்பர் ஒட்டி, யாருடையது எது என்று சொல்லாமல் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சாயம் போட்டுப் பார்த்தேன். "ரெண்டாம் நம்பர்" என்றேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன். அவர் நம்பரை மாற்றி ஒட்டி, "இன்னொரு தடவை" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருபது வருட வேலையில் ஒரு டாக்டரிடம் அப்படிக் கத்தியது அன்றைக்குத்தான். "சார், நான் பொய் சொல்றேன்னா இப்பவே வேலைய வுட்டுத் தூக்குங்க, வூட்டுக்குப் போறேன். நம்பர் ஒட்டிக்கினு இருந்தா அந்த மனுசன் போயிடுவான் சார்! செல்விக்கு நீங்க என்ன ஆதாரம் காட்டப் போறீங்க?"

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அங்கே இங்கே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அவன் முழுங்கிட்டான். மாத்தர நல்ல மாத்தர. நீங்களும் சரி. அப்ப பாக்கி யாரும்மா?"

"கிருமிதான் சார். முத நாளே அவன்தான் சொன்னானே."

உடனே பாண்டிச்சேரியில் பெரிய டாக்டராக இருந்த தன் கூட்டாளிக்குப் போன் போட்டார். அந்த முனையில் அவர் கேட்ட முதல் கேள்வி பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "மாத்தரய முழுங்கினானா? நீ கண்ணால பாத்தியா?"

எங்கள் டாக்டர் நிமிர்ந்து நின்றார். அந்த ஒரு கேள்விக்காகவே பிறந்தவர் மாதிரி, நோட்டைக் கையில் விரித்துவைத்துக்கொண்டு, தேதி, நேரம், நாக்கு, கன்னம், வாந்தி, இரண்டு சாட்சி என்று மூன்று வரிசையையும் படித்துக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நாங்கள் கேலி செய்த அந்த நோட்டு அன்றைக்கு வேலை செய்தது. மறுமுனைக்காரர் அதற்கு மேல் ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. "அப்ப அது அஸ்ஸாம் பக்கத்துக் கிருமிய்யா. குளோரோகுயினுக்கு அசையாது. குயினைன் ஏத்து. இல்லாட்டி இங்க தூக்கிட்டு வா, உடனே."

தூக்கிக்கொண்டு போக ஆம்புலன்ஸ் வேண்டுமே. அது ஊரில் இல்லை. ஸ்ட்ரெச்சர் மெத்தையில் வைத்தால் உடையாது என்று ஆஸ்பத்திரி கமிட்டித் தலைவராக இருந்த கம்பெனி முதலாளி அதில் கொலு பொம்மைகளை ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். தசாவதாரம் இரண்டு செட்டும் ஒரு கல்யாண ஊர்வல செட்டும் மெத்தையில் படுத்துக்கொண்டு போயிருந்தன. இருந்த வாடகைக் காரில் மூன்று மணி நேரம் ஆளைக் கிடத்திக்கொண்டு போனால் வழியிலேயே போய்விடுவான் என்றார் டாக்டர். ஊரில் எந்த மருந்துக் கடையிலும் குயினைன் ஊசி இல்லை. கடைசியில் கூட்டாளியே மருந்தைக் கட்டி, விருத்தாசலம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார்.

வெயிலில் டாக்டரும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்ற மறந்து, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் ஓடி ஓடி ஏறி இறங்கினார். பண்ருட்டி பஸ், சேலம் பஸ், வேப்பூர் டவுன் பஸ் எதையும் விடவில்லை. யாரோ ஒரு அம்மா, "டாக்டரு, இப்ப பஸ்ஸுலயே வந்து பாக்குறாங்களா?" என்று கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னாள். மூன்றரை மணிக்குப் பாண்டிச்சேரி பஸ் வந்தது. கண்டக்டர் ஒரு ஸ்வீட் டப்பாவை நீட்டினார். வாழ்க்கையில் எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காத மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அந்த ஒரு ஓட்டத்துக்காக நான் அவருக்கு எல்லாவற்றையும் மன்னித்தேன்.

குளுக்கோஸில் கலந்து குயினைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குயினைனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்று நேரத்துக்கு நேரம் நான் ரத்தம் பார்த்தேன். டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ராசேந்திரன் கண்ணைத் திறந்து, "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க" என்றான். குயினைன் உடம்பில் ஏறினால் காது அப்படித்தான் இரையும். டாக்டர் இரண்டு கையையும் தட்டி, "ஆதாரம்! ஆதாரம்!" என்று குழந்தை மாதிரிக் கூவினார். சனிக்கிழமை வளையங்கள் குறைந்தன. அடுத்த வாரம் தேடியும் கிடைக்கவில்லை. ராசேந்திரன் பிழைத்துக்கொண்டான். அதன்பிறகு அஸ்ஸாம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்று கேள்வி.

பதிவேட்டை நிறுத்தச் சொல்லி டாக்டர் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான். அதனால் ராசேந்திரன் போன மறுநாளே மேரி சிஸ்டர் 'இன்று விழுங்கியோர் இல்லை' என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் நடந்தது பதினோரு நோட்டு.

இதைச் சிரித்துச் சிரித்து ஊர் பூராவும் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் சொல்லியிருக்கிறேன். இதுவரைக்கும் எழுதி எடுத்துக்கொண்டு போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவ்யா முதல் நோட்டைத் தூசு தட்டிக் கொடுத்தாள். முதல் பக்கத்தைத் திறந்தேன். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, 'ப. இராசேந்திரன்' என்று சுழித்துப் போட்ட கையெழுத்து. புதன்கிழமை அதே பெயர் கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் பாதியில் நின்றிருந்தது. வியாழக்கிழமை கட்டைவிரல் ரேகை. எழுதத் தெரிந்தவனுடைய ரேகை. மூன்றுக்கும் பக்கத்தில் 'இரண்டாம் சாட்சி, வசந்தா' என்று என் கையெழுத்து, மூன்று நாளும் ஒரே மாதிரி, கொஞ்சமும் நடுங்காமல். அவன் செத்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்திலேயே தெரிகிறது. அவன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த எனக்குத் தெரியவில்லை. டாக்டரை மட்டும் இத்தனை வருடம் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாவது கட்டம், 'குறிப்பு', மூன்று வரிசையிலும் காலியாகக் கிடந்தது.

பேனாவைத் திறந்தேன்.

"மேடம், மேடம், பழைய நோட்டுல எழுதக் கூடாதுங்க" என்று காவ்யா கையைப் பிடித்தாள்.

"வுடுடி" என்று செவ்வாய்க்கிழமை வரிசையின் காலிக் கட்டத்தில் எழுதினேன். 'இந்த மருந்து கேட்காது, அங்கே எவனுக்கும் கேட்கவில்லை என்று நோயாளி முதல் நாளே சொன்னார்.' கீழே எழுதுகிற நாளின் தேதியும் என் பெயரும் போட்டேன்.

காவ்யா படித்துப் பார்த்தாள். "ஆடிட்டரு ஆதாரம் கேப்பாரே மேடம்?"

வியாழக்கிழமை ரேகையின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.